லேசாக இருப்பவர்கள்

2014ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, இரட்டைமலைப்பட்டி அரசு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வரைந்த தாள்களைக் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டு வந்த பிலோமினா டீச்சரால் பத்தொன்பதாவது தாளை எடுக்க முடியவில்லை.

பசை ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். தாள் கிழியவும் இல்லை, கிளம்பவும் இல்லை. பென்சிலால் போட்ட நான்கு கால்களும் ஒரு பெரிய வயிறும் இரண்டு கொம்புகளும் அதில் இருந்தன.

"என்னடா இது?"

"எங்க செவல டீச்சர்," என்றான் மணிமாறன். "குவாரி லாரி அடிச்சுப் போட்டுச்சுல்ல, அந்த மாடு."

தலைமை ஆசிரியர் சுப்புராம் வந்தார், சத்துணவு அமைப்பாளர் வந்தார், மூன்று பேரும் சேர்ந்து இழுத்ததில் தாள் ஒரு சாண் நகர்ந்தது, நகர்ந்த வழியில் சிமெண்டுத் தரையில் கீறல் விழுந்தது. கடைசியில் சுப்புராம் சார் சொல்லி மணிமாறன் ரப்பரை எடுத்து மாட்டை அழித்தான். கொம்பை அழித்தபோது ஒன்றும் ஆகவில்லை. வயிற்றை அழித்தபோது தாள் லேசாக அசைந்தது. கடைசிக் குளம்பும் போனபோது மின்விசிறிக் காற்றில் எழும்பிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. மணிமாறன் அழுதான். மாடு செத்த அன்றுகூட அவன் அழவில்லை என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் பிலோமினாதான் காரணம் என்று பிற்பாடு கல்வி அலுவலகத்தில் எழுதி வைத்தார்கள். ஒரு வகையில் அது சரிதான். நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு நடுநிலைப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியையாக இருந்தவள், வாரத்தில் புதன்கிழமை மட்டும் இங்கே மாற்றுப்பணிக்கு வந்தாள். வந்த முதல் நாள் இயற்கைக் காட்சி வரையச் சொன்னதற்கு, முப்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு மலை வரைந்து, நடுவில் பாதிச் சூரியனை வைத்து, மலையடிவாரத்திலிருந்து ஆறு ஒன்றை இழுத்து, ஓரத்தில் ஒரு தென்னை மரத்தை நட்டு, வானத்தில் நாலைந்து காக்கைகளைப் பறக்கவிட்டு நீட்டினார்கள். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் கிடைக்கிற படம் அது. கடலோரத்துப் பிள்ளைகூட அதைத்தான் வரையும். பிலோமினாவுக்குப் பத்து வருடமாக அந்தப் படத்தோடு சண்டை. "பாக்காத ஆத்த எதுக்குடா வரையுறீங்க? ஒங்க வீட்டுல இருக்கிறத, ஒங்களுக்குத் தெரிஞ்சத வரைங்க," என்றாள். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வரைந்தார்கள்.

ஆறு கிடையாதே ஒழிய, அந்த ஊரில் இரண்டு மலை இருந்தது உண்மை. அண்ணன் மலை, தம்பி மலை என்று பெயர். அண்ணன் மலையைப் பத்து வருடத்தில் குவாரிக்காரர்கள் துண்டு துண்டாக அறுத்து, கிரானைட் பலகைகளாக யார் யார் வீட்டு அடுப்படிக்கோ அனுப்பி முடித்து, 2011இல் மலை தீர்ந்த பிறகு அதன் வேரைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். மலை எவ்வளவு உயரம் நின்றதோ அவ்வளவு ஆழத்துக்கு இப்போது பள்ளம். அந்தப் பள்ளத்தில் 2014 பிப்ரவரி பதினோராம் தேதி பகலில் ஒரு பக்கத்துச் சுவர் சரிந்தது. கீழே ஆள் யாரும் இல்லை என்றார்கள். மறுநாளே தண்ணீர் இறைக்கிற மோட்டாரை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வேறு குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ஊற்று ஏறி, ஜூலையில் பழைய பள்ளம் பச்சையாக நிறைந்து கிடந்தது.

செவலை மாட்டுக்கு அடுத்த புதன்கிழமை, பழக்க தோஷத்தில் ஒருவன் மறுபடியும் இரண்டு மலை வரையப் போனான். தம்பி மலையை வரைந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் மலையின் சரிவுக்கு ஒரே ஒரு கோட்டை இழுத்தான். வகுப்பறையின் கிழக்கு மூலை ஒரு விரற்கடை இறங்கியது, கரும்பலகை சாய்ந்தது. கோட்டை அழித்துவிட்டார்கள், மூலை இறங்கியது இறங்கியதுதான். அன்று மாலையே சுப்புராம் சார் சுற்றறிக்கைப் பதிவேட்டில், "கட்டடத்தின் உறுதி கருதி மாணவர்கள் இனி ஒரு மலை மட்டுமே வரைய வேண்டும்" என்று எழுதி எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கினார். சூரியன் இனி எங்கிருந்து உதிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சிலர் தம்பி மலையின் தோளில் வைத்தார்கள், சிலர் சூரியனையே விட்டுவிட்டார்கள்.

ஆடி முடிவதற்குள் ஊருக்கு விதி பிடிபட்டுவிட்டது. இல்லாமல் போனதை வரைந்தால் தாள் கனக்கும், கடைசியாக எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. இருப்பதை வரைந்தால் தாள் தாளாகவே இருக்கும். வரைகிற பிள்ளை அதைப் பார்த்திருக்க வேண்டும், மனதில் வைத்து வரைய வேண்டும், ஜாடை பொருந்தவேண்டிய அவசியம் இல்லை. நான்காம் வகுப்பில் எடை குறைந்தது, ஐந்தாம் வகுப்பில் பாதிதான் நின்றது, ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளின் படத்தில் எடையே இல்லை. பிலோமினா தன் வீட்டில் உட்கார்ந்து, செத்துப்போன தன் அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரைந்தாள். காது மடல் முதற்கொண்டு சரியாக வந்திருந்தது. மின்விசிறியைப் போட்டதும் அப்பா பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் அது. குவாரி வெடியில் வீடு அதிரும்போது சாமி படங்களைக் கையால் பிடித்துக்கொள்ளவும், பதினோரு மணி வெடிக்கு முன்னால் குழம்பை மூடி வைக்கவும் பழகிய ஜனங்களுக்குக் கனக்கிற தாள் பெரிய காரியமாகப் படவில்லை. மளிகைக் கடை ஆதிமூலம் புதன்கிழமைதோறும் தன் கொக்கித் தராசைப் பள்ளிக்கு இரவல் கொடுத்தார். போன வருடம் புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ராக்கு, கொழுந்தன் மகனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துப் புருசனை வரையச் சொல்லி, ஐம்பத்தேழு கிலோத் தாளை நாலு பேரை வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டாள். கட்டிலின் அந்தப் பக்கம் பள்ளம் விழுந்தது, அது போதும் என்றாள். பூசாரி, கனத் தாள் வைத்திருக்கிற வீட்டுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்து, ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் உண்டு என்று முடிவு சொன்னார். மஸ்கட்டிலும் மலேசியாவிலும் புருசன்மாரை விட்டிருந்த பெண்கள் புதன்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பூ வைத்து, "அப்பாவ நல்லா நெனச்சு வரையணும்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். தாளை உள்ளங்கையில் வாங்கி, வாயால் ஊதுவார்கள். அது பறந்தால் சிரித்துக்கொண்டே பிடிக்க ஓடுவார்கள். ஆகஸ்டு மாதம் ஒரு புதன்கிழமை மாரீஸ்வரி என்பவள் ஊதிய தாள் பறக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதான் போன் வந்தது. அதற்குள் அவள் தாலிக் கயிற்றைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள்.

அதன் பிறகு ஊரில் நலம் விசாரிக்கிற முறையே மாறிப்போனது. போனில் பேசுகிறவர்கள், "லேசா இருக்கீகளா?" என்று கேட்டார்கள். "லேசா இருக்கோம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

இப்படி ஊரே ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருத்தி மட்டும் பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை. செல்லக்கிளி என்று பெயர். அவள் புருசன் காசிமாயன் குவாரியில் துளை போடுகிற ஆள். சுவர் சரிந்த பிப்ரவரி பதினோராம் தேதி காலையில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. குவாரி மேனேஜர் ஜெயபால் அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். சுவர் சரிந்ததுக்கும் காசிமாயனுக்கும் சம்பந்தமில்லை. அன்று மதியம் வேப்ப மரத்தடியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான், பாத்திரத்தைக் கழுவினான், முன்பணம் வாங்கினான், மூன்று மணி பஸ்ஸில் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு போனான், கேரளாவில் எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்வி. கூட வேலை பார்த்த ஆறு பேரும் இதே கதையை இதே வரிசையில் சொன்னார்கள். வேப்ப மரம், கழுவிய பாத்திரம், மூன்று மணி பஸ் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டு, கண்ணைக் கீழே போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் கதையே போதும் என்றார்கள்.

காசிமாயனின் மகள் அனுசுயா மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாரீஸ்வரியின் தாள் பறக்காததற்கு அடுத்த புதன்கிழமை, நூறு நாள் வேலையிலிருந்து நேராக, தலைத்துண்டோடும் காலில் காய்ந்த சேறோடும் செல்லக்கிளி பள்ளிக்கு வந்தாள். வகுப்புக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"டீச்சர், ஒரு வார்த்த."

பிலோமினா வெளியே போனாள்.

"எம் புள்ளைய அவுக அப்பாவ மட்டும் வரைய விட்றாதீக."

"நானா சொல்லி எதையும் வரைய வைக்கிறதில்லம்மா."

"சொல்லாட்டியும் வரைஞ்சிருவா. ராவும் பகலும் அதே நெனப்பு. வீட்டுல பென்சில ஒளிச்சு வச்சிருக்கேன். இங்க நீங்கதான் பாத்துக்கிறணும்."

"ஒருவேள லேசா இருந்துட்டா ஒனக்கும் நிம்மதிதானே?"

செல்லக்கிளி சிரித்தாள். சிரிப்பு மாதிரி இருந்தது அது.

"டீச்சர், அவரு எவ கூடயோ கேரளாவுல இருக்காருன்னு ஊரே சொல்லுது. நானும் தெனமும் அவளத் திட்டுறேன். வெளக்குமாத்தாலயே அடிப்பேன்னு சொல்றேன். அவ ஒருத்தி இருக்கான்னு நெனச்சுத்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். அவளையும் எங்கிட்ட இருந்து புடுங்கிறாதீக."

செல்லக்கிளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறாப்புக்குப் போயிட்டா கனக்காதுல்ல?"

"கனக்காது."

"மூணு வருசந்தான டீச்சர். அதுவரைக்கும் அவ கையப் புடிச்சு வச்சிருங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று பிலோமினா சொன்னாள். சொன்னதைக் காப்பாற்றவும் பார்த்தாள். புதன்கிழமைதோறும் அனுசுயாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். வேப்பிலையைக் கையில் கொடுத்து நரம்பு நரம்பாக வரையச் சொன்னாள். செருப்பை, சுண்ணாம்புக் கட்டியை, தண்ணீர்க் குழாயை வரையச் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் வாயை யார் மூடுவது? இடைவேளையில் மணிமாறன் கேட்டான்:

"ஏய், ஒங்கப்பா லேசா, கனமா?"

"லேசுதான்டா. பஞ்சு மாதிரி."

"அப்ப வரைஞ்சு காட்டு. ஏன் காட்ட மாட்டேங்கிற?"

"எங்கம்மா வையும்."

"கனம்! கனம்! அனுசுயா அப்பா கனம்!"

அன்று அவள் பிலோமினாவின் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவ டீச்சர். சின்னதா வரையுறேன், கட்ட வெரல் அளவு. எல்லாரு முன்னாடியும் ஊதிக் காட்டிட்டுக் கிழிச்சுப் போட்டுர்றேன். எங்கப்பா பறந்துருவாரு டீச்சர். காலையில தூக்குவாளிய வாசல் வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போயிக் குடுப்பேன். அப்ப என்னையும் சேத்துத் தூக்கி ஒரு சுத்து சுத்துவாரு. அவருக்குக் கனமே தெரியாது."

"அடுத்த வாரம் பாப்போம்," என்றாள் பிலோமினா. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிற அடுத்த வாரம், மூன்று வருடத்துக்கு எத்தனை தடவை வரும் என்று வீட்டுக்குப் போகிற வழியில் கணக்குப் போட்டாள். பாதியில் விட்டுவிட்டாள்.

செப்டம்பர் முதல் புதன்கிழமை ஜெயபால் பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இனிப்புப் பெட்டி. பின்னால் இரண்டு பேர் அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். குவாரியின் நன்கொடை என்றார். பிள்ளைக்கு ஒன்று வீதம் கலர் பென்சில் டப்பா, பிள்ளைக்கு ஒன்று வீதம் அச்சடித்த படப் புத்தகம். ஆப்பிள், குடை, பலூன், ரயில் எல்லாம் கோடு போட்டே வந்திருந்தன.

"இனிமே உங்களுக்குச் சிரமமே இல்ல மேடம். கோடு நாங்களே போட்டுக் குடுத்துட்டோம். பிள்ளைக உள்ள கலர் மட்டும் அடிச்சாப் போதும்."

"அதுக்குப் பேரு ஓவியம் இல்ல சார்."

"எதுக்குப் பேரு ஓவியம்? பிஞ்சுப் பிள்ளைகள விட்டுச் செத்த ஆளையும் செத்த மாட்டையும் வரைய வைக்கிறதுக்கா?" ஜெயபால் குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் மூணு பிள்ளை இருக்கு மேடம். சந்தோசமா ஏதாவது சொல்லிக் குடுங்க."

பத்து நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தொடக்கப் பள்ளி மாணவர்கள் மனித உருவங்கள், விலங்கு உருவங்கள், மலைகள் ஆகியவற்றை வரைவது தவிர்க்கப்பட வேண்டும். உயிரற்ற, வீட்டு உபயோகப் பொருள்கள் மட்டுமே அனுமதிக்கப்படும். சுப்புராம் சார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் நின்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். பிலோமினா கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்துக்கு முன்னால், முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. மனித உருவம் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இனி அனுசுயாவிடம் அடுத்த வாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் இருபத்துநான்காம் தேதி புதன்கிழமை, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து அதைப் பார்த்து வரைய வேண்டும் என்று பாடம். குடம், டம்ளர், இட்லிச் சட்டி, ஈயம் பூசாத பித்தளைப் போணி என்று வகுப்பறை கல்யாணச் சமையல்கட்டு மாதிரி இருந்தது. பிலோமினா உற்சாகமாக இருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் நினைத்த மாதிரி ஒரு வகுப்பு. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, வாய் வட்டமா நீள்வட்டமா, நிழல் எங்கே படுக்கிறது என்று சொல்லிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். மின்விசிறி வேகமாகச் சுற்றியது. தாள்கள் பறக்காமல் இருக்கப் பிள்ளைகள் நான்கு மூலையிலும் சில்லுக்கல்லும் செருப்பும் ரப்பரும் வைத்திருந்தார்கள். முப்பது தாள்களின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வரிசையில் ஒரு தாளின் மேல் கல் இல்லை. அது படபடக்கவில்லை.

அனுசுயாவுக்கு முன்னால் எவர்சில்வர் சொம்பு ஒன்று இருந்தது. தாளில் சொம்பு இல்லை. மூடி போட்ட பாத்திரம், வளைந்த கைப்பிடி, பக்கவாட்டில் ஒரு சொட்டை, கைப்பிடியில் சுற்றிய கயிறு.

"சொம்புக்கு ஏதுத்தா கைப்பிடி?" என்றாள் பிலோமினா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது சொம்பு இல்ல டீச்சர். அப்பா தூக்குவாளி. நீங்க பாத்திரம்னுதான சொன்னீங்க? நான் ஆளு வரையல." அனுசுயா இரண்டு கையாலும் தாளைப் பற்றி, முழங்காலை மடக்கி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, பழக்கமான ஒரு பாரத்தைத் தூக்குகிறவளாகத் தூக்கினாள். "கனமா இருக்கு டீச்சர். காலையில இருக்கிற மாதிரி."

"காலையில மாதிரின்னா?"

"காலையில கனமா இருக்கும். சாயங்காலம் அப்பா கொண்டாரப்ப லேசா இருக்கும், உள்ள கரண்டி ஆடும். இது ஆடல."

அவள் தாளை ஆட்டிக் காட்டினாள்.

கொக்கித் தராசில் ஒரு கிலோ நானூற்றைம்பது கிராம் காட்டியது. சுப்புராம் சார் பதிவேட்டைத் திறந்தவர் எழுதாமல் மூடினார். "தூக்குவாளிதான டீச்சர். பஸ்ஸுல வுட்டுருப்பான், எவனாவது நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பான். பாத்திரம் இல்லாமப் போச்சுன்னா ஆளு இல்லாமப் போச்சுன்னு அர்த்தமா?" என்றார். அவர் நல்லவர். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது.

யாரும் போய்ச் சொல்லவில்லை, ஆனாலும் செல்லக்கிளி அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். இந்தத் தடவை வகுப்புக்குள் வந்தாள். பிள்ளைகள் தங்கள் குடங்களையும் சட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்கள். பிலோமினா ரப்பரைக் கையில் வைத்திருந்தாள். அதை நீட்டினாள்.

"அழிச்சிரட்டுமாம்மா? ஒரு நிமிசம். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்."

செல்லக்கிளி தாளை வாங்கினாள். ஒரு கையில்தான் வாங்கினாள். ஏழு வருடம் தினமும் கட்டிக்கொடுத்த கைக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை மேலே தூக்கிக் கீழே தாழ்த்தினாள், காய்கறிக் கடையில் பூசணிக்காயைப் பார்ப்பது போல.

"சாப்பிடல," என்றாள்.

தாளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மொச்சக்கொட்டக் கொழம்பு. அவருக்குப் புடிக்குமேன்னு ஒரு கரண்டி கூடவே ஊத்துனேன். சோத்த அமுக்கி வச்சேன். மூடி மூடல, கையால குத்தி மூடுனேன்." அவள் பிலோமினாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "வேப்ப மரத்தடியில உக்காந்து சாப்டாருன்னாங்களே. கழுவுனாருன்னாங்களே. ஒரு பருக்க எடுக்கல டீச்சர். மூடியவே தொறக்கல."

ரப்பர் இன்னும் பிலோமினாவின் நீட்டிய கையில் இருந்தது.

"அழிக்க வேணாம் டீச்சர். உள்ள சோறு இருக்கு."

அனுசுயா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "நான் அப்பாவ வரையலம்மா," என்றாள். "சத்தியமா வரையலம்மா." செல்லக்கிளி ஒரு கையில் தாளும் ஒரு கையில் மகளுமாக வெளியே போனாள். மறந்துபோன சொம்பை மணிமாறன் பின்னாலேயே கொண்டு ஓடினான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு பிலோமினாவும் கூடப் போனாள். எழுத்தர் தாளை மேசையில் வைத்து இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். கனக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த வட்டாரத்தில் அதை யாரும் மறுக்கிற காலம் போய்விட்டிருந்தது. ஆனால் இது தூக்குவாளி சம்பந்தப்பட்டது, இதை வைத்து ஆளைப் பற்றி எதுவும் எழுத முடியாது என்றார். வேண்டுமானால் தூக்குவாளி காணவில்லை என்று புகார் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். மூடியுடன் கூடிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, பக்கவாட்டில் சொட்டை உள்ளது என்று ரசீது கொடுத்தார். பள்ளத்துத் தண்ணீரை இறைத்துப் பார்க்கலாமே என்று பிலோமினா கேட்டாள். ஒரு பாத்திரத்துக்காகவா மேடம் என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

ஜெயபாலின் கதையில் அந்த வாரமே சிறு மாற்றம் வந்தது. காசிமாயனுக்கு அன்று பசியில்லையாம், சாப்பிடாமலே மூன்று மணி பஸ் ஏறினானாம். கூட வேலை பார்த்த ஆறு பேரும் மறு நாளிலிருந்து அப்படியே சொன்னார்கள். ஐந்து பேர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறாவது ஆள் அதற்குப் பிறகு காசிமாயன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

தாளை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் உருவம் செய்து எரிக்கிற வழக்கம் உண்டு. இங்கேதான் தாள் இருக்கிறதே என்றார் பூசாரி. ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிறது, தீட்டும் உண்டு, போதும் என்றார். எரிக்க வேண்டாம், உள்ளே இருப்பது சோறு என்று செல்லக்கிளி சொன்னதால் புதைப்பது என்று முடிவானது. முழுப் பாடை கட்டினார்கள். நடுவில் தாளை வைத்து அதன் மேல் ஒற்றை மாலையைப் போட்டார்கள். ஒரு கிலோ நானூற்றைம்பது கிராமை நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். குவாரி வாசலைத் தாண்டும்போது தாரை தப்பட்டையை நிறுத்தவில்லை. கூட வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே வேலை பார்க்கிறவர்கள், வேகமாக நடந்தார்கள். பதினோரு மணி வெடி அன்று பதினொன்றரைக்குத்தான் போட்டார்கள். குழியில் தாளை இறக்கியபோது அது மிதந்து ஆடாமல் நேராகப் போய்த் தரை தட்டியது. செல்லக்கிளி முதல் பிடி மண்ணைப் போட்டாள். அவள் திட்டுவதற்கு இனி கேரளாவில் யாரும் இல்லை.

அக்டோபரில் பிலோமினாவின் மாற்றுப்பணி ரத்தானது. சுற்றறிக்கையின் நோக்கத்துக்கு மாறாகச் செயல்பட்டதாகக் காரணம் எழுதியிருந்தது. கடைசிப் புதன்கிழமை அவளுக்குப் பாடம் இல்லை. சாமான்களை எடுக்க மட்டும் வந்தாள். மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் அச்சடித்த புத்தகத்தை விரித்து வைத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. தரையில் சில்லுக்கல்லும் இல்லை, புத்தகத்துக்கு அது தேவைப்படவில்லை. அனுசுயா ஆப்பிளுக்குச் சிவப்பு அடித்தாள். இதுவரை எந்தப் படத்திலும் கோட்டுக்குள் நிற்காத கை அது. பிலோமினா அதற்காகவே அந்தக் கையை ரசித்திருக்கிறாள். இன்று ஓரத்தில் ஒரு இழைகூட வெளியே போகாமல், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். முடித்ததும் புத்தகத்தை எடுத்து டீச்சரிடம் காட்டினாள்.

"சரியா இருக்கா டீச்சர்?"

"சரியா இருக்குத்தா," என்றாள் பிலோமினா. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அது ஒரு புத்தகத்தின் கனம்தான் இருந்தது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி, திங்கள்கிழமை, வாரிசுச் சான்றிதழ் கேட்டு செல்லக்கிளி தொடுத்திருந்த வழக்கில், ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லாததால் காசிமாயன் இறந்தவராகக் கருதப்படுவார் என்று உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்த தேதி, நேரம், இடம் ஆகியவற்றை உறுதிசெய்ய ஆதாரம் எதுவும் இல்லை என்று தீர்ப்பின் நான்காவது பத்தியில் குறிப்பிடப்பட்டிருந்தது.